ஏன் உடனே வெட்டவில்லை என்று கேட்டாயே

ஈசூன், சிங்கப்பூர்

அன்பு மகன் இளங்கோவுக்கு,

அம்மா நேற்று மாலை மின்தூக்கி வரை தானே நடந்து சென்று, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளிடம் கால் மணி நேரம் நின்று பேசிவிட்டுத் திரும்பினாள். ஆகவே கவலையை இறக்கி வைத்துவிட்டு இதைப் படி. கார்த்திகையில் ஓர் இரவு நீ மெல்பர்னிலிருந்து அழைத்து, "அம்மாவின் கணையத்தில் சீழ் பிடித்துவிட்டது என்கிறார்கள், பிறகு ஏன் உடனே வெட்டி எடுக்கவில்லை?" என்று குரலை உயர்த்திக் கேட்டாய். அன்று என்னிடம் பதில் இல்லை. மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டும், நூலகத்தில் தேடிப் படித்தும் இப்போது எனக்கு ஓரளவு புரிந்திருக்கிறது.

தீபாவளிப் பலகாரத்தால் வந்த வினை என்று உன் அத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எண்ணெய்ப் பண்டம் பித்தப்பையைச் சுருங்கச் செய்திருக்கலாம். ஆனால் அதிலிருந்து நழுவிய கல் ஒரு நாளில் விளைந்ததன்று. பித்தநாளமும் கணையநாளமும் சிறுகுடலில் திறக்கும் இடத்தில் அந்தக் கல் சிக்கியதும், குடலுக்குள் சென்று உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி, கணையத்தையே அரிக்கத் தலைப்பட்டன. இந்தக் கணைய அழற்சி வந்தவர்களில் ஐந்தில் நால்வர் அளவுக்குப் பெரிய சேதமின்றி ஒரு வாரத்தில் வீடு திரும்பிவிடுவார்களாம். உன் அம்மா அந்த ஐந்தாவது ஆள். முதல் வாரக் கடைசியில் எடுத்த சிடி ஸ்கேனில் கணையத்தின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டமே இல்லை என்று தெரிந்தது. அந்தத் திசு இறந்துவிட்டது. மூன்றாம் வாரம் காய்ச்சல் ஏறியபோது, இறந்த திசுவுக்குள் காற்றுக் குமிழ்கள் தெரிந்தன. கிருமி புகுந்ததற்கு அது அடையாளம்.

நீ கத்தியது அன்றைக்குத்தான். அறுவை மருத்துவர் ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினார். தொடக்க வாரங்களில் இறந்த திசுவுக்கும் உயிருள்ள திசுவுக்கும் எல்லை கிடையாது. இரண்டும் பின்னிக் கிடக்கும். அப்போது கத்தி வைத்தால் இரத்தம் கொட்டும், நல்ல திசுவும் சேர்ந்து போகும், ஏற்கெனவே தடுமாறும் நுரையீரலும் சிறுநீரகமும் அந்த அடியைத் தாங்கா. ஏறக்குறைய நான்கு வாரங்களில் உடலே அந்த அழுகலைச் சுற்றி ஒரு சுவரை எழுப்பிவிடும், உள்ளே இருப்பதும் இளகிப் பிரியும். கணைய அழற்சியை வகை பிரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடும் இந்த நான்கு வாரத்தைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அருகில் நின்ற தமிழ்த் தாதி ஒருவர், "உறையாத தயிரில் கரண்டி விடக் கூடாது, அங்கிள்" என்றார். மருத்துவரின் படத்தைவிட எனக்கு அதுதான் விளங்கியது.

காத்திருப்பது கைகட்டி நிற்பதன்று என்பதையும் அங்கேதான் கண்டேன். நோய்க்கிருமிக் கொல்லி மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. மூக்கு வழியாகக் குடல் வரை சென்ற மெல்லிய குழாயில் உணவு இறங்கியது. உள்ளே இரத்தக் கசிவு, குடலில் ஓட்டை, வயிற்றுக்குள் அழுத்தம் மிகுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லியே நாள்தோறும் பார்த்தார்கள். நெதர்லாந்தில் 104 நோயாளிகளிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், சீழை உடனே வடித்தவர்கள் காத்திருந்தவர்களைவிட நலமாக இருக்கவில்லை. காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு மருந்தே போதுமானதாகி, வடிக்கவே தேவையில்லாமல் போயிற்று.

அம்மாவுக்கு மருந்து மட்டும் போதவில்லை. இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, ஸ்கேன் பார்த்தபடியே ஒரு வடிகுழாயைச் செலுத்தினார்கள். காய்ச்சல் எட்டு நாள் அடங்கி, மீண்டும் வந்தது. அதற்குப் பிறகுதான், ஆறாவது வாரத்தில், அறுவை. முன்போல வயிற்றை நெடுக்கத் திறக்கவில்லை. அந்தக் குழாய் போட்ட பாதையையே வழிகாட்டியாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் அளவே கீறி, கேமரா வைத்துப் பார்த்து, தானாகக் கழன்று வரும் அழுகலை மட்டும் இடுக்கியால் எடுத்தார்கள். ஒட்டிக்கொண்டிருப்பதை இழுக்கக் கூடாதாம். பின்னால் இரத்தக் குழாய் இருக்கலாம். இரைப்பைச் சுவர் வழியாக உள்நோக்கிக் கருவியால் (எண்டோஸ்கோப்) எடுக்கும் முறையும் உண்டு, அதில் கணையநீர்க் கசிவும் குறைவு. ஆனால் அம்மாவுக்குச் சேர்ந்திருந்த சீழ் இரைப்பையிலிருந்து விலகி இடுப்புப் பக்கமாக இறங்கியிருந்தது.

முதலில் வடிகுழாய், அது போதாவிட்டால் மட்டுமே அறுவை என்று இப்படிப் படிப்படியாக ஏறும் முறையையும் வயிற்றை நேரடியாகத் திறப்பதையும் 88 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டவர்களும் நெதர்லாந்துக்காரர்களே. திறந்த அறுவையில் 69 விழுக்காட்டினருக்குப் பெருஞ்சிக்கலோ மரணமோ நேர்ந்தது. படிப்படி முறையில் 40. படிப்படி முறையில் சேர்ந்தவர்களில் 35 விழுக்காட்டினருக்கு வடிகுழாயோடே முடிந்துவிட்டது. நாற்பது என்பதும் சின்ன எண் அன்று. அதை நான் அறுவைக்கு முந்தைய இரவு படித்தேன். உன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தாய்: அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் பெரும்பகுதியைத் தாங்கின, மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

இப்போது ஒரே ஒரு வடிகுழாய்தான் இருக்கிறது. அதில் இறங்குவது சீழ் அன்று, தெளிந்த கணையநீர். நாளம் எங்கோ விட்டுப்போயிருப்பதால் கசிகிறது, பெரும்பாலும் தானே ஆறும் என்கிறார்கள். தினமும் காலை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறேன்: 120 மில்லியில் தொடங்கியது நேற்று 20. கணையத்தின் ஒரு பகுதி போய்விட்டதால் இரத்தச் சர்க்கரையையும் பார்த்து வருகிறோம். சாப்பாட்டோடு விழுங்கும் நொதி மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று மருந்தாளர் முன்கூட்டியே சொன்னார். வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத உன் அம்மா, சற்று நேரம் அந்த மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுவும் ஓர் உயிர்தானே, எனக்காகச் செத்திருக்கிறது" என்று சொல்லி விழுங்கினாள்.

தேங்கிய நீர் முழுதும் வற்றிய பிறகு பித்தப்பையை எடுக்க வேண்டும். கல் அங்கேதானே இருக்கிறது. அது பங்குனியில் இருக்கலாம். விடுப்பை அதுவரை சேர்த்து வை. நீ அன்று கத்தியது அம்மாவுக்குத் தெரியாது. தொலைபேசி சரியில்லாமல் இணைப்பு அறுந்துபோயிற்று என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். நீ பேசும்போது மாற்றிச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா