காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தீபாவளிக்கு இன்னும் 26 நாள் இருக்கிறது. எங்கள் வீட்டில் நேற்றே தீபாவளி வேலை தொடங்கிவிட்டது. முறுக்குக்கு மாவு அரைக்கவில்லை, துணி எடுக்கவில்லை. தினசரி காலண்டரில் தீபாவளித் தாளைத் தேடிப் பிடித்து அதன் மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறோம். இனி தினமும் காலையில் என் பேரன் ஒரு தாளைக் கிழிப்பான். கிழித்ததும் மிச்சத் தாள்களைத் தூக்கி, பொட்டு அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான்.

அவனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் இருக்கிறது. மகளும் மருமகனும் அச்சகத்துக்கு வேலைக்குப் போய்விடுவதால், பள்ளிக்கூட நேரம் போக மற்றப் பொழுதெல்லாம் அவன் என்னோடுதான். பேச்சு முப்பது, நாற்பது வார்த்தைக்குள்தான். ஆனால் காது மிகவும் கூர்மை. மிக்சி, மோட்டார் சைக்கிள், கோயில் கொட்டு எல்லாமே அவனுக்கு மேலே அடி விழுகிற மாதிரி. ஆட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளும் இப்படி இல்லை, சில பிள்ளைகள் சத்தத்தைத் தேடிப் போவார்கள். எங்கள் பிள்ளை இப்படி.

நான் எழுதுவது பட்டாசு வெடிக்கும் நேரத்தைப் பற்றி. பட்டாசே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் 22 வருடம் சரவெடி பின்னியவள். என் மகளைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கூலியில்தான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டபோது எங்களைப் போன்ற பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

ஆனால் அதே தீர்ப்பிலிருந்துதான் நேரக் கட்டுப்பாடும் வந்தது. முதலில் இரவு எட்டிலிருந்து பத்து என்றார்கள். நம் ஊரில் தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் தொடங்குவது என்று தமிழக அரசு எடுத்துச் சொன்னது. மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் நேரத்தை மாற்றிக்கொள்ள நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அப்படித்தான் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. அந்த இரண்டு மணி நேரம் பின்னால் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அதைப் புரிய வைக்க குக்கர் கதையைச் சொல்ல வேண்டும். ஐந்து வயதில் குக்கர் விசில் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஒரு வருடம் பானையில்தான் சோறு வடித்தேன். வட்டார வள மையத்தில் இருந்து வரும் சிறப்பாசிரியைதான் சொன்னார்: "சத்தத்தை ஒளிச்சு வைக்காதீங்கம்மா. எப்ப வரும், எத்தனை தடவை வரும், எப்ப முடியும்னு அவனுக்குக் காட்டுங்க." மருமகன் அச்சகத்தில் வெட்டிக் கழித்த அட்டையைக் கொண்டுவந்து குக்கர் படம் ஒன்றும், மூன்று வட்டமும் ஒட்டிக்கொடுத்தார். முதலில் மொட்டை மாடியில் நின்று கேட்டோம். ஒரு விசில், ஒரு வட்டத்தை மூடு. அப்புறம் மாடிப்படி. அப்புறம் வாசல். நாலு மாதம் ஆயிற்று. இன்றைக்கு அடுப்படி வாசலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறான், மூன்றாவது விசில் அடித்ததும் "முடிஞ்சு" என்று சொல்லிவிட்டு அவனே வந்து அடுப்பை அணைக்கிறான். நான் பக்கத்திலேயே நிற்பேன். அந்த "முடிஞ்சு" என்ற சொல்லை அவன் கற்றுக்கொண்டது குக்கரிடம்தான்.

முடிவு தெரிந்தால் அவனால் தாங்க முடிகிறது. அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டினோம். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பச்சைத் தாளுக்கு வந்தால் கழிவறை, மஞ்சளுக்கு வந்தால் பள்ளி வேன். பல் தேய்ப்பதும் சட்டை போடுவதும் அதன்படிதான்.

சரி, போன தீபாவளிக்கு வருகிறேன். இருபது நாள் முன்னாலிருந்து தயார் செய்தோம். எண்ணெய்க் குளியல், புதுச்சட்டை, இனிப்பு, வெடி என்று நான்கு படம். புதுச்சட்டையை மூன்று தடவை துவைத்து, கழுத்துப்பட்டிச் சீட்டை வெட்டி எடுத்தாயிற்று. ஆலைகளில் மாட்டும் காதுக்கவசம் ஒன்று வாங்கி, அவன் தலைக்குப் பெரிதாக இருந்ததால் உள்ளே துணி வைத்துத் தைத்தேன். கடிகாரத்தில் ஏழு மேல் ஒரு நட்சத்திரம் ஒட்டினோம். அன்று காலை ஆறு மணிக்குத் தெருவே அதிர்ந்தது. அவன் கவசத்தை மாட்டிக்கொண்டு என் மடியில் உட்கார்ந்து, கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு மணி நேரம் தாங்கினான். என் புடவைத் தலைப்பை அவன் பிடித்திருந்த இடம் ஈரமாக இருந்தது. ஏழடித்ததும் "முடிஞ்சு" என்றான். கவசத்தை அவனே கழற்றி வைத்தான்.

ஏழே முக்காலுக்கு, தடை இருந்தும் எங்கிருந்தோ வந்த ஒரு நீளச் சரத்தை வீட்டு முன்னாலேயே கொளுத்தினார்கள்.

அவன் கத்தவில்லை முதலில். கடிகாரத்தைக் காட்டினான், என்னைப் பார்த்தான். "முடிஞ்சு, முடிஞ்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் என்ன பதில் சொல்வேன்? அப்புறம்தான் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான், மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். வாசலில் நின்ற ஒருவர், "அடம் பிடிக்குது, நாலு போடுங்க" என்றார். அது அடம் இல்லை ஐயா. அடம் பிடிக்கும் பிள்ளை ஏதோ ஒன்றைக் கேட்கிறது, கொடுத்தால் நிறுத்திவிடும். இவனுக்கு அந்த நேரத்தில் எதுவுமே கேட்கத் தெரியாது. விளக்கை அணைத்து, பேச்சைக் குறைத்து, போர்வையை இறுக்கிச் சுற்றி, அருகில் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது.

அன்றைய அழுகை மதியத்தோடு நின்றது. ஆனால் அதன் பிறகு அவன் கடிகாரத்தை நம்பவில்லை. பச்சைத் தாளையும் மஞ்சள் தாளையும் பிய்த்து எறிந்துவிட்டான். ஒரு வருடமாக நின்றிருந்த படுக்கை நனைப்பு திரும்பி வந்தது. வேனில் ஏற மறுத்து ஒன்பது நாள் பள்ளிக்குப் போகவில்லை. கார்த்திகை தீபம் வரைக்கும் ஆயிற்று, மறுபடி குக்கரிலிருந்து தொடங்கி பழைய இடத்துக்குக் கொண்டுவர. சரம் கொளுத்தியவர்களுக்கு இது தெரியாது. கெட்டவர்கள் இல்லை அவர்கள், அன்று மதியம் தட்டில் அதிரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான். தெரியாது, அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அன்று மாலை அவன் வந்து, "அம்மாச்சி, இப்ப ரெண்டு லட்சுமி வெடி போடப் போறோம், ரெண்டே ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் இரண்டு விரலைக் காட்டினேன். பேரன் நடுங்கினான், ஆனால் அந்த இரண்டையும் தாங்கினான். அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தெருவுக்குத் தெரு இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வயதானவர்கள், நெஞ்சுவலிக்காரர்கள், கைக்குழந்தைகள், நாய் மாடு எல்லாம் இருக்கின்றன. நேரத்தை மட்டும் காப்பாற்றுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு வருடமும் சொல்கிற மாதிரி, தெருக்காரர்கள் சேர்ந்து பக்கத்துத் திடலில் வெடித்தால் இன்னும் நல்லது. அதிகச் சத்தம் உள்ளதைக் கொளுத்தும் முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஆசிரியர் ஐயாவிடமும் ஒரு வேண்டுகோள். தீபாவளி அன்று உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில், விளம்பரங்களுக்கு நடுவில் கட்டம் கட்டி, காலை 6 – 7, மாலை 7 – 8 என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். முந்தின நாளும் போட்டால் ரொம்ப நல்லது. மருமகன் அதை வெட்டி அட்டையில் ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டுவோம். இன்னொன்றைத் தெருமுனை டீக்கடையில் மாட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மாச்சி,
திருத்தங்கல்.
(பெயர் வெளியிட வேண்டாம்)