எடைக்குப் போடுவதற்கு முன் ஓஸைத் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால் பழைய வண்டிகளை எடைக்குப் போட்டுவிடுவதுதான் நல்லது என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அவருடைய பயம் நியாயமானது. முடிவுதான் அவசரமாக எடுத்தது. எங்கள் வீட்டில் 1987இல் வாங்கிய மாருதி வேன் இன்றும் ஓடுகிறது. பதினோரு வருடமாக அதன் இன்ஜினை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

இந்த வேனைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் இருக்க மாட்டார்கள். 1984 கடைசியில் விற்பனைக்கு வந்தது, ஆம்னி என்ற பெயர் பிறகு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். முன் சீட்டைத் தூக்கினால் கீழே இன்ஜின். சாதாரண வேலைக்குக் குழியும் வேண்டாம், ஜாக்கியும் வேண்டாம். வாசலில் நிறுத்தி, ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தால் பிளக், பிளாட்டினம், கார்புரேட்டர் எல்லாம் கைக்கு எட்டும். என் கணவர் இருந்தவரை அவர் பார்த்தார். அவர் போன பிறகு அவருடைய ஸ்பேனர் பெட்டியும், பெட்ரோல் போட்ட கணக்கு எழுதிய நோட்டுகளும் என்னிடம் வந்தன. முதல் ஆறு மாதம் பிளக்கைக் கழற்றி மாட்டுவது தவிர வேறு எதிலும் கை வைக்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

போன சித்திரையில் சிறுமலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். பின்னால் என் அக்காவும் அவர் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும். ஏழாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் வண்டி இழுவை குறைந்து, இரண்டு முறை உதறி, நின்றுவிட்டது. கால் மணி நேரம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும். அடுத்த ஏற்றத்தில் மறுபடி நிற்கும். திரும்பி இறங்கி ஒரு பட்டறையில் காட்டினேன். "டீச்சர், கம்ப்ரஷன் போயிருச்சு. இன்ஜினை இறக்கி ரீபோர் பண்ணணும். 35,000 வரைக்கும் வரும். இந்த வண்டிக்கு அவ்வளவு செலவு எதுக்கு, கொடுத்துருங்க" என்றார். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தாரே தவிர, சீட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கம்ப்ரஷன் போன, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்துபோன இன்ஜின் காலையில் ஸ்டார்ட் ஆக மல்லுக்கட்ட வேண்டும். எங்கள் வேன் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் ஒரே திருப்பில் எழுந்துவிடுகிறது. புகையும் இல்லை, ஆயிலும் குறையவில்லை. அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி போன்ற பெட்ரோல் ஃபில்டருக்குள் சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. இந்த வேனில் பம்ப் இன்ஜினோடு இருக்கிறது. பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். இடையில் நீளத்துக்கும் இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் ரப்பர் ஓஸ். அந்த ஓஸில் வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, ஆனால் உள்ளே காற்று போகும். சமதரையில் தாக்குப்பிடிக்கும் வண்டி ஏற்றத்தில் பெட்ரோல் போதாமல் நின்றுவிடும். இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு ஓஸைத் தொட்டேன். விரலில் கரி மாதிரி ஒட்டியது. வளைத்தேன், மேலெல்லாம் பித்தவெடிப்பு போலப் பிளவு. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருந்த துண்டும் அதே கதிதான். பம்புக்கு அப்பால் அழுத்தம் உண்டு என்பதால் அது பிளந்திருந்தால் சூடான இன்ஜின் மேலேயே பெட்ரோல் கொட்டியிருக்கும். அதற்கு மேலே இருப்பது நாம் உட்காரும் சீட். அன்று அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை.

நான் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்த்துவிட நினைத்தேன். வீட்டில் 100 மில்லி அளவு ஜாடி ஒன்று உண்டு. அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல், திறந்தவெளியில் 80 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி நிற்கவிட்டேன். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துவிடும். 10இல் இருந்த கீழ் அடுக்கு ஏறத்தாழ 26க்கு வந்தது. எண்பதில் பதினாறு, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. 2022இல் 10 சதவீதமாக இருந்த கலப்பு 2025இல் 20 ஆகிவிட்டது. 1987இல் போட்ட ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டது இல்லை. எத்தனால் பட்டு ஊறும், அதன் மென்மை கரைந்து போகும், காய்ந்தால் இறுகி வெடிக்கும்.

கடையில் ஓஸ் கேட்டால் எந்த எழுத்தும் இல்லாத ஒன்றைத்தான் முதலில் வெட்டிக் கொடுத்தார்கள். வேண்டாமென்றேன். மூன்றாவது கடையில்தான் மேலே 'எஸ்.ஏ.இ. 30 ஆர்9' என்று அச்சிட்டது கிடைத்தது. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் உள்பூச்சு கொண்ட ரகம் அது. ஓஸ், கிளிப், ஃபில்டர், பம்பின் டயாஃப்ராம் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். வேலை அரை நாள். டேங்கில் பல வருடமாகப் படிந்திருந்த பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்ததில் முதல் மாதம் இரண்டு ஃபில்டர் அடைத்தது. அதற்குப் பயப்பட வேண்டாம், மாற்றிவிட்டால் போதும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் இன்ஜினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் எரிபொருள் தேவைக்குச் சற்றுக் குறைவாகிவிடும். புது வண்டியில் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு நம் கைதான். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் திருப்பு வெளியே எடுத்ததும் ஐட்லிங் சீராக நின்றது. மைலேஜ் மட்டும் 14.5இலிருந்து 13.6க்கு இறங்கியிருக்கிறது. அது நோட்டில் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு எடுத்த புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 1.6 சதவீதம். இவ்வளவு பழைய பெட்ரோல் கார்களுக்கு அனுமதி 3 சதவீதம். சிறுமலைக்கும் மூன்று முறை போய் வந்துவிட்டோம்.

தங்கள் நாளிதழ் மூலம் இரண்டு வேண்டுகோள். ஒவ்வொரு பங்க்கிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தமிழில், கண்ணில் படும் அளவில் எழுதி வைக்க வேண்டும். உதிரிபாகக் கடைகளில் தர எண் இல்லாத ஓஸைப் பெட்ரோலுக்கென்று விற்கக் கூடாது. பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களில் பலர் காய்கறி ஏற்றுபவர்கள், பந்தல் சாமான் ஏற்றுபவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர்கள். நாளைக்கே புது வண்டி வாங்கு என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

இந்த வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உள்ளே பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். எல்லாக் கதவுகளையும் திறந்து காற்றாட விடுங்கள். வாசனை போன பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, சீட்டைத் தூக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
திண்டுக்கல்