கிணற்றுக் கொப்பி

உரும்பிராய்,
தை மாதம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அம்மம்மாவும் சுகம். அம்மம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. பொங்கலன்று முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, பால் பொங்கும்வரை எழும்பவே இல்லை. பொங்கினவுடன் உன்ரை பேரைத்தான் சொன்னவ.

சமர் சயன்ஸ் புரோகிராம் என்ற கோடைகால விஞ்ஞானத் திட்டத்துக்குப் போட நீ எழுதி, ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் அனுப்பின கட்டுரையை மூன்று தரம் வாசித்தேன். போனில் சொல்லத் தொடங்கினால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது போய்விடும். அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

உன்ரை கட்டுரையின் முதல் பந்தி முழுக்க 1995 ஒக்ரோபர் 30, போரால் யாழ்ப்பாணச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள். மழை, நாவற்குழிப் பாலம், தலையில் பொட்டலங்களோடு சனம், கைவிளக்கு. எல்லாம் உண்மை. நான் உனக்குச் சொன்னதுதான். ஆனால் குஞ்சு, அந்தப் பாலத்தில் நின்றது பதினாறு வயதில் நான். நீ 2009இல் பிறந்த பிள்ளை. போத்தல் விளக்கில் படித்ததும் நான்தான். வாசிக்கிறவர்களின் மனம் இளகட்டும் என்று என்ரை இடப்பெயர்வை நீ ஒரு விண்ணப்பத்தில் வைப்பது எனக்கு நோகிறது. உனக்கு அதில் உரிமை இல்லை என்று சொல்ல வரவில்லை. என்றைக்காவது ஆறுதலாக எழுது, முழுதாக எழுது. ஒரு இடம் கிடைப்பதற்காக எழுதாதே. அந்தப் பந்தியை எடுத்துவிடு.

எடுத்தால் மிச்சம் ஒன்றும் இல்லை என்பாய். உன்னோடு படிக்கிற பிள்ளைகள் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் போய் நிற்கிறார்கள், எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை என்று மார்கழியிலும் இதைத்தான் சொன்னாய். அப்படிச் சொல்லித்தானே அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடக்கிற ரிசேர்ச் சயன்ஸ் இன்ஸ்ரிரியூட்டுக்குப் போடாமல் விட்டாய். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக 1984இலிருந்து நடக்கிற ஆய்வுத் திட்டம், ஆறு கிழமை, படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு கட்டத் தேவையில்லை. நூறு பேரளவில்தான் எடுப்பார்கள், ஆயிரக்கணக்கில் போடுவார்கள் என்பதும் தெரியும். அவர்கள் வேண்டாம் என்று சொல்ல முதலே நீயே உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். நான் அப்போது வற்புறுத்தாமல் விட்டேன். அது என்ரை பிழை. இந்த முறை விடமாட்டேன்.

நேற்று மேசை லாச்சியைத் துப்பரவாக்கினேன். உன்ரை கிணற்றுக் கொப்பி கிடந்தது. நீல மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. ஒரு மூலையை எலி கொறித்திருக்கிறது, எழுத்துக்குச் சேதமில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, எனக்கு அந்த நாட்கள் அப்படியே நிற்கின்றன. 2022 சித்திரை. எரிபொருள் இல்லை, ஒவ்வொரு நாளும் கரண்ட் வெட்டு, பள்ளிக்கூடமும் ஒழுங்காக இல்லை. உனக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து வளவு ஐயா வெங்காயத்துக்கு இறைக்க மண்ணெண்ணெய் தேடி போத்தலோடு வரிசையில் நிற்பார். ஒரு நாள் கிடைக்கும், மூன்று நாள் கிடைக்காது. நீ கயிற்றில் அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, காலையும் பின்னேரமும் கிணற்றில் விட்டுப் பார்த்து எழுதினாய். அவருடைய மெசின் ஓடுகிற நாளில் எங்கள் கிணறு எவ்வளவு இறங்குகிறது, ஓடாத நாளில் எவ்வளவு ஏறுகிறது என்று இரண்டு நிரல். ஒருவரும் உன்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. நான்கூட வெயிலுக்குள் நிற்காதே என்று ஏசினேன்.

பன்னிரண்டு நாள் எழுதின பிறகு ஒரு விடிய ஓடி வந்தாய். "அம்மா, கயிறு பொய் சொல்லுது!" தும்புக் கயிறு நனைந்தால் நீளம் மாறுகிறது என்று கண்டுபிடித்திருந்தாய். அந்தப் பன்னிரண்டு நாள் கணக்குக்கும் குறுக்காகக் கோடு போட்டு, "பிழை, கயிறு" என்று எழுதி, நைலோன் கயிறு வாங்கித் தரச் சொல்லி, முதலிலிருந்து தொடங்கி முப்பத்தாறு நாள் அளந்தாய்.

பிள்ளை, இருபது வருசமாக நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். செய்முறைக் கொப்பியில் விடை வராவிட்டால் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்து எண்ணை மாற்றுகிற பிள்ளைகளைத்தான் கூடக் கண்டிருக்கிறேன். தான் எழுதினதைத் தானே பிழை என்று கோடு போட்டு, அழிக்காமல் அப்படியே விட்ட பிள்ளை நீதான். அந்தக் கோட்டை எழுது. தும்புக் கயிற்றை எழுது. மண்ணெண்ணெய் இல்லாத நாட்கள் உனக்கு ஒரு பரிசோதனையாக வந்து வாய்த்ததை எழுது. அங்கே வாசிக்கிறவருக்கு எங்கள் கிணறு தெரியாது, அதனால் அதையும் சொல்லு: வருசம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைதான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி சவர் ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்களே, அதே விசயம்தான். நாலு விரல் இறங்கினதைப் பதின்மூன்று வயதில் நீ ஏன் பெரிதாக எடுத்தாய் என்று அப்போது அவர்களுக்கு விளங்கும்.

கிணறு அளந்ததற்கும் சிறுகோளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். நீ இப்போது போடப்போகிற சமர் சயன்ஸ் புரோகிராம் ஸ்புட்னிக் போன கையோடு 1959இல் கலிபோர்னியாவில் தொடங்கினது. மூன்று பிள்ளைகள் ஒரு குழு, பூமிக்குக் கிட்ட வருகிற ஒரு சிறுகோளைத் தொலைநோக்கியில் படம் எடுத்து, இடத்தை அளந்து, தாங்களே புரோகிராம் எழுதிப் பாதையைக் கணிக்க வேண்டும் என்று நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். சில இரவு பார்த்ததை வைத்து முழுப் பாதையையும் சொல்வது. 1801 தை முதலாம் தேதி இத்தாலிய வானியலாளர் பியாற்சி செரெஸ் என்ற சிறுகோளைக் கண்டார், மாசி 11 வரைதான் பார்க்க முடிந்தது, பிறகு அது சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது. இருபத்துநாலு வயது ஜேர்மன் கணித மேதை கவுஸ் அந்தக் கொஞ்ச அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டார். அந்த வருசக் கடைசி நாளில் அவர் சொன்ன இடத்துக்குக் கிட்ட அது திரும்ப அகப்பட்டது. கயிறு பொய் சொல்லுகிறதா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளைதான் அந்த வேலைக்கு வேண்டும். எங்கடை ஊருக்கும் இது புதிசில்லை. காரைநகர் அலன் ஆபிரகாம் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டே 1910இல் வந்த ஹலி வால்வெள்ளிக்குக் கணக்குப் பார்த்தவர்.

சிபாரிசுக் கடிதம். கூடின புள்ளி போட்ட ரீச்சரிடம் கேட்க இருக்கிறாய் என்று அப்பா சொன்னார். அவவுக்கு உன்ரை புள்ளி தெரியும், உன்னைத் தெரியுமோ? ஊசல் கணக்கில் பிழை இருக்கிறது என்று நீ இரண்டு நாள் வாதாடி, கடைசியில் உன்ரை பிழைதான் என்று ஒத்துக்கொண்டாயே, அந்தப் பௌதிக சேரிடம் கேள். இன்றைக்கே கேள். அவருக்கும் எழுத நேரம் வேண்டும்.

காசு கொடுத்தால் கட்டுரையைத் திருத்தித் தருவார்களாம் என்று அப்பாவின் சிநேகிதர் சொன்னதாகக் கேள்வி. வேண்டாம். உன்ரை ஆங்கிலம் போதும்.

அப்பா சொல்லாமல் யோசிக்கிற விசயம் கட்டணம். உதவி கேட்கிற போமை நிரப்பச் சொல்லு, வருமானத்தை உள்ளபடி எழுதட்டும். குடும்பத்தின் வசதியைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கத்தான் அந்தப் போம். இரவு வேலைக்குப் போகிற மனிசன் அதை நிரப்பக் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அவர் கூச்சப்பட்டால் எனக்கு எடுக்கச் சொல்லு, நான் கதைக்கிறேன்.

கிடைக்காமலும் போகலாம். அப்படி வந்தால் எனக்கு முதல் சொல்லு, நடுச்சாமம் என்றாலும் எடு. கோடை விடுமுறைக்கு இங்கே வா. அம்மம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறா. பக்கத்து வளவு ஐயா இப்போது கரண்ட் மோட்டர் பூட்டிவிட்டார், மகனும் அரை ஏக்கர் கூட்டி வெங்காயம் வைத்திருக்கிறான். உன்ரை பழைய நிரலுக்குப் பக்கத்தில் புது நிரல் எழுத நிறைய இருக்கிறது.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். கோடு போட்ட பக்கங்களையும்தான். பதினேழாம் பக்கத்தில் எழுத்து மங்கல், தெரியாவிட்டால் கேள், பார்த்துச் சொல்கிறேன்.

நைலோன் கயிறு கிணற்றடிக் கப்பித் தூணில் நீ கட்டின இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இன்று காலை ஆறரைக்கு, மோட்டர் ஓட முதல், கட்டு விளிம்பிலிருந்து விட்டுப் பார்த்தேன். இருபத்துமூன்று முடிச்சு. பின்னேரமும் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா