கட்டி ஒளிர்கிறது, மருந்து எங்கே?

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. ஒளிரும் சாயம் கோத்த டிராஸ்டுசுமாப்பை (புற்றுச் செல்லின் மேலுள்ள ஹெர்2 புரதத்தை ஒட்டும் ஆன்டிபாடி மருந்து) எலிக்குக் கொடுத்தாய்; முழு எலிப் படத்தில் கட்டி பளிச்சென்று ஒளிர்கிறது, ஆனால் சுருங்க மாட்டேன் என்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறாய். கட்டிக்குள் எவ்வளவு வந்தது என்பதுதான் அந்தப் படத்தில் தெரியும். எங்கே போய் நின்றது என்பது தெரியாது. சாயத்துக்குப் பதில் சிர்கோனியம்-89 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கோத்து பெட் ஸ்கேன் எடுத்தாலும் இதே கதைதான். அதன் அரை ஆயுள் சுமார் 78 மணி நேரம், நிதானமாகச் சேரும் ஆன்டிபாடிக்குப் பொருத்தம். ஆனால் அது உமிழும் பாசிட்ரான் துகள் மறைவதற்குள்ளேயே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். உனக்கு வேண்டியதோ ரத்த நாளத்திலிருந்து 50, 100 மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள்) நடக்கும் சங்கதி.

டிராஸ்டுசுமாப் சுமார் 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு. நாளத்தை விட்டு மெல்லக் கசிகிறது. கசிந்ததும் பக்கத்துச் செல்களிலேயே ஹெர்2 லட்சக்கணக்கில் காத்திருக்கிறது. முதல் பந்தியிலேயே அண்டா காலி. டோஸ் குறைவாக இருந்தால் நாளத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் ஒளிரும், பின்னால் இருட்டு. 2018இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் டி-டிஎம்1 (செல்லைக் கொல்லும் மருந்து கோத்த டிராஸ்டுசுமாப்) அளவைக் கூட்டாமல், மருந்து கோக்காத டிராஸ்டுசுமாப்பையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். டி-டிஎம்1 ஆழமாகப் போனது, எலிகளும் கூடுதல் நாள் பிழைத்தன. உன் அடுத்த சோதனையில் இந்தக் குழு கட்டாயம் இருக்கட்டும்.

சாயம் ஏற்றுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மருந்துக் குப்பியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கும், அது சாயத்தைத் தின்றுவிடும். முதலில் பாஸ்பேட் உப்புக்கரைசலுக்கு மாற்று. பிறகு பைகார்பனேட் சேர்த்து பிஎச் 8.3க்குக் கொண்டுவா. அலெக்சா 647 என்ற ஒளிரும் சாயத்தின் என்எச்எஸ் எஸ்டரை (புரதத்தோடு ஒட்டும் வடிவம்) ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து, ஆன்டிபாடி ஒன்றுக்கு இரண்டு மூன்று மூலக்கூறு என்ற கணக்கில் போட்டு, இருட்டில் ஒரு மணி நேரம் வை. பிறகு பிரிப்புக் குழாயில் (column) ஓட்டி, ஒட்டாத தனிச்சாயத்தை நீக்கு. கடைசியில் ஓர் ஆன்டிபாடிக்கு ஒரு சாயம் ஒட்டியிருந்தால் போதும். நாலைந்து ஏறினால் படம் பிரமாதமாக இருக்கும், ஆனால் நிறைய கல்லீரலில் போய் உட்கார்ந்திருக்கும்.

வால் சிரையில் ஊசி போட்டு 24 மணி நேரம், இன்னொரு குழுவுக்கு 72 மணி நேரம் விடு. எலியைக் கொல்வதற்குச் சில நிமிடம் முன்பு ஹெக்ஸ்ட் 33342 என்ற நீலச் சாயம், எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் (20 கிராம் எலிக்கு 0.3 மில்லிகிராம்) செலுத்து. ரத்தம் உண்மையில் ஓடும் நாளத்தின் ஓரம் மட்டும் நீலமாகும். நாளச் சுவரின் சிடி31 புரதத்துக்குச் சாயமேற்றினால் அது எல்லா நாளத்தையும் காட்டும், அடைபட்டதையும் சேர்த்து. கட்டியை ஓசிடி என்ற உறையவைக்கும் பசையில் பதித்து, உலர்பனியில் குளிர்வித்த ஐசோபென்டேனில் உறைய வை. மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் திசுவைச் சல்லடையாக்கிவிடும். சீவல் 10 மைக்ரான் போதும், ஆனால் ஒரே ஆழத்திலிருந்து எடுக்காதே.

இருட்டான இடத்துக்கு ஆன்டிபாடி எட்டவில்லையா, அங்கே ஹெர்2வே இல்லையா? அதே சீவலின் மேல் வேறு நிறம் ஏற்றிய டிராஸ்டுசுமாப்பை ஊற்றிப் பார். அப்போது ஒளிர்ந்தால் ஹெர்2 இருக்கிறது, எலிக்குள் போனதுதான் வந்து சேரவில்லை. இந்த ஒரு படி இல்லாத கட்டுரைகளை நான் பாதிதான் நம்புவேன்.

தூரம் அளக்க பிஜி (Fiji) என்ற பட ஆய்வு மென்பொருளில், நாளங்களை மட்டும் பிரித்துக் காட்டும் முகமூடியிலிருந்து (mask) தூர வரைபடம் எடு. சீவலுக்கு மேலேயோ கீழேயோ ஓடும் நாளம் கண்ணில் படாது. அதனால் தூரம் உள்ளதைவிடக் கூடுதலாகவே வரும். டோஸ்களை ஒப்பிடும்போது எக்ஸ்போஷரை மாற்றாதே, நாளத்தோரம் வெளிச்சம் அளவு மீறி சாச்சுரேட் ஆகவும் விடாதே.

என்எஸ்ஜி எலி (நோய் எதிர்ப்புச் சக்தி அறவே குறைந்த ஆய்வக எலி) என்று எழுதியிருந்தாய். அவற்றுக்குச் சொந்த ஐஜிஜி (ரத்தத்தில் இயல்பாக இருக்கும் ஆன்டிபாடி) இல்லை, அதனால் குறைந்த டோஸ் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் மாட்டிக்கொள்ளும். நியூட் எலி (முடியில்லாத, தைமஸ் சுரப்பி இல்லாத ஆய்வக எலி) கிடைத்தால் அதையே எடு. முழு எலிப் படத்தை 700 நானோமீட்டர் பக்கம் எடுப்பதானால் தீவனத்தில் குதிரைமசால் இல்லாமல் பார்த்துக்கொள். அதன் பச்சையம் குடலை ஒளிரவைத்துவிடும். இன்னொன்று: டிராஸ்டுசுமாப் எலியின் சொந்த ஹெர்2வை ஒட்டாது. அதனால் நல்ல திசுவில் எவ்வளவு வீணாகிறது என்பதை உன் எலி சொல்லாது.

சீவல் படங்கள் தயாரானதும் மூல கோப்பாகவே அனுப்பு, ஜேபெக் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்