வாசகர் மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி, புதிய சேர்க்கை விவரங்கள் இணைப்பில் உள்ளன. இந்த ஆண்டுக் கூட்டங்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரே நாவல் என்பதால், இவ்வறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2008 இறுதியில் தமிழினி வெளியீடாக வந்தது. 1048 பக்கம். ஆசிரியரின் முதல் நாவல். 2011க்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. 1310 முதல் 1910 வரை மதுரையின் அறுநூறு ஆண்டுகளைச் சொல்கிறது. வந்த நாள் முதல் வாசகர்களை இரு தரப்பாக்கிய நூல். நம் மன்றத்திலும் அதையே செய்தது.

முதலில் வாசிப்பு முறை. பக்கக் கணக்கில் மாதத்துக்கு இவ்வளவு என்று பிரித்தது சரிப்படவில்லை. ஆட்சி மாறும் இடத்திலோ திருட்டுக்குப் புறப்படும் இடத்திலோ பாதியில் நிறுத்தினால், அடுத்த முறை எடுக்கும்போது கதையின் இழை அறுந்துவிடுகிறது. பிறகு மாலிக் கபூர் படையெடுப்பும் விஜயநகர இளவரசர் குமார கம்பணரும், நாயக்கர் காலம், கும்பினியும் (கிழக்கிந்தியக் கம்பெனி) கோட்டை இடிப்பும், தாது வருஷப் பஞ்சம், களவும் காவலும் தொழிலாகக் கொண்ட ஊரான தாதனூரும் போலீசும் என்று பொருளை வைத்துப் பிரித்தோம். இடையில் கைவிடுவது குறைந்தது.

நூலைக் கீழே வைத்தவர்களில் பலர் வைத்தது முற்பகுதியிலேதான். அங்கே நூற்றாண்டுகள் வேகமாக ஓடுகின்றன. ஒரு பாத்திரம் மனதில் பதியுமுன் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது. இதற்கு ஒரு தாள் போதும். இடப்பக்கம் ஆண்டு: 1311 மாலிக் கபூர், 1371 குமார கம்பணர், 1529 விசுவநாத நாயக்கர், 1623–1659 திருமலை நாயக்கர், 1801 கும்பினி ஆட்சி, 1840களில் கோட்டை இடிப்பு, 1876–78 பஞ்சம், 1895 முல்லைப் பெரியாறு அணை. வலப்பக்கம் அந்தக் காலத்துப் பாத்திரங்கள். தாதனூர்ப் பெயர்களுக்கு மட்டும் தனித்தாள் வேண்டும். ஒரே மாதிரிப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால், யார் மகன், எந்தக் களவில் போனவன் என்று பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

'அரவான்' படம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு வேறொரு சிக்கல். படத்துக்கு எடுத்துக்கொண்டது நாவலின் சிறு பகுதியைத்தான். அதைத் தேடிக்கொண்டே புரட்டியவர்கள் மற்ற எல்லாவற்றையும் இடைஞ்சலாகவே பார்த்தார்கள்.

தாதனூரில் தொடங்கிப் பிறகு முன்னால் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. அரண்மனையில் கன்னம் வைத்து, அதாவது சுவரைத் துளைத்து, உள்ளே போய் ராஜமுத்திரையைத் திருடி வருவதும், அதன் தொடர்ச்சியாகத் திருமலை நாயக்கரே மதுரைக் காவலைத் தாதனூரிடம் கொடுப்பதும்தான் கதையின் அச்சாணி. மதுரைக் கோட்டை எப்படி எழுந்தது என்று தெரியாமல் அந்த உரிமையின் கனம் பிடிபடாது.

கருத்து வேறுபாடு கூர்மையானது கோட்டை இடிப்பு அத்தியாயங்களில். கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடிக்க ஆளின்றி, இடிப்பவருக்கே அந்த இடம் என்று அறிவிக்கிறார். அகழி தூர்க்கப்படுகிறது. நில அளவை செய்த மாரட் பெயரும் பெருமாள் மேஸ்திரி பெயரும் இன்றும் வீதிகளில் இருக்கின்றன. இடிக்குமுன் கோட்டைக் காவல் தெய்வங்களை இறக்கிக் கொண்டுபோகிறார்கள். அளவையும் அறிவிப்பும் கலெக்டர் அலுவலகக் கோப்பு மாதிரி இருக்கிறது, சாமி இறங்கும் இடம் மட்டும் போதும் என்றது ஒரு தரப்பு. அந்தக் கோப்பு இல்லாவிட்டால் சாமிகள் எதன் பொருட்டு இறங்குகின்றன என்பதே உறைக்காது என்றது மறுதரப்பு. நான் இரண்டாவது தரப்பு. விளக்குத்தூணில் தொடங்கி மாரட் வீதி, வெளி வீதி வழியாகப் பெரியார் பேருந்து நிலையம் அருகே எஞ்சியிருக்கும் கோட்டைத் துண்டு வரை உறுப்பினர்கள் நடந்தபோது, முதல் தரப்பில் சிலரும் மதிலின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

களவைக் கொண்டாடுகிறதா என்ற கேள்வி இன்னும் கனமானது. காவல்காரன் குடிகளிடம் காவல்கூலி வாங்குவான். களவு போனால் பொருளை மீட்டுத் தரவோ ஈடுகட்டவோ வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கும்பினிப் போலீஸ் உடைத்ததும் காவலும் களவும் சேர்ந்தே குற்றமாகின்றன. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. 1911 சட்டத்தால் சென்னை மாகாணமும் அதற்குள் வந்தது. நாவல் அதன் வாசலில் நின்றுவிடுகிறது. ஒரு சமூகமே குற்றவாளியாக்கப்பட்ட கதையை உள்ளிருந்து சொன்னதுதான் இதன் பெருமை என்று பலர் பேசினர். மாட்டையும் தானியத்தையும் பறிகொடுத்த சம்சாரியின், அதாவது விவசாயியின், குரல் எங்கே, இருட்டில் சுவரைத் துளைப்பவனின் கைத்திறம் மட்டும்தானே விரிவாக வருகிறது என்று மற்றவர்கள் கேட்டனர். இவ்வாண்டு எழுந்ததில் வலுவான ஆட்சேபம் இதுவே. ஆதரித்தவர்கள் அதற்கு நேரான பதில் சொல்லவில்லை.

பஞ்சத்தில் தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாள் பகுதியில் மட்டும் சர்ச்சை எழவில்லை. வாசித்துக் காட்டியபின் கூட்டம் அப்படியே முடிந்தது.

நூலகப் பொறுப்பாளருக்கு ஒரு குறிப்பு: இந்தப் பருமனுள்ள புத்தகம் நடுவில்தான் முதுகு விடுகிறது. இரவலுக்குக் கொடுக்குமுன் முதுகில் துணிப்பட்டை ஒட்டி அட்டை போட வேண்டும். நிமிர்த்தி அடுக்காமல் படுக்க வைக்க வேண்டும்.

செயற்குழு பேரவை முன் வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. பெரிய நாவல்களுக்குக் காலவரிசைத் தாளும் பெயர்த் தாளும் வாசிப்பு தொடங்குமுன்பே உறுப்பினர்களுக்குத் தரப்பட வேண்டும். சம்சாரி பற்றிய ஆட்சேபத்துக்காகவே வரும் ஆண்டின் முதல் கூட்டம் ஒதுக்கப்பட வேண்டும். நாவலை ஆதரித்தவர்கள் அதில் முதலில் பேசுவார்கள்.

அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்