ரீச்சரின் சீ.ஆர். கொப்பியில் பெயர் இருக்கிற எல்லோருக்கும்

அன்புள்ள அக்காமார், அண்ணாமார், தங்கைமார், தம்பிமாருக்கு,

திருகோணமலையில் நாங்கள் ஆடவும் பாடவும் படித்த நுண்கலைப் பள்ளிக்கு வரலாற்று மலர் ஒன்று தயாராகிறது. அச்சுக்குப் போகமுன் வாசித்துப் பார்க்கும்படி ஒரு பிரதியை என்னிடம் தந்தார்கள். வாழ்த்துச் செய்திகள், அரங்கேற்றப் படங்கள், பொன்னாடை போர்த்தும் படங்கள் எல்லாம் இருக்கின்றன. எங்கள் பள்ளியைத்தான் அதில் காணவில்லை. அன்று இரவே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

பள்ளி தொடங்கியது ரீச்சர் வீட்டு விறாந்தையில். பிள்ளைகளின் பெயரும் காசும் குறித்து வைத்த தடித்த கொப்பிதான் சீ.ஆர். கொப்பி. முதலாவது இன்னும் இருக்கிறது. விஜயதசமி நாளன்று ஒன்பது பிள்ளைகளின் பெயர். பெயருக்குப் பக்கத்தில் காசு, அதற்கும் பக்கத்தில் 'பாய் கொண்டு வந்தது', 'பாய் இல்லை' என்று பென்சில் எழுத்து. கடைசி வரியில் 'சுருதிப்பெட்டி - இரவல்'. யாரிடம் வாங்கிய இரவல்? கேட்டபோது அந்த வீட்டுக்காரர் மறுத்திருந்தால் எங்களுக்கு ஒரு சரிகமபதநி கூடக் கிடைத்திருக்காது. மலரில் அவர் பெயர் இல்லை. எனக்கும் தெரியாது. உங்களில் ஒருவருக்குக் கட்டாயம் தெரியும்.

ரீச்சர் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது சம்பந்தரின் கோணமலைப் பதிகம். கடலுக்கு அந்தப் பக்கம் நின்று பாடிய பாட்டு என்பார்கள். கழல் ஓசையிலும் சிலம்பொலியிலும் தொடங்கும், பண் புறநீர்மை. "இந்த ஊரைப் பற்றிய பாட்டே கால் சத்தத்தில்தான் தொடங்குது, நீங்கள் ஏன் பூனை மாதிரித் தட்டுறியள்?" என்று தாளம் போடும் தட்டுக்கழியைத் தட்டுமனைக் கட்டையில் ஓங்கி வைப்பார். பரதத்தில் முதலில் படிக்கிற தட்டடவுக்கு எங்களுக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான், அது போதுமாகவும் இருந்தது.

பிறகு பரீட்சைகள் வந்தன. 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் இல்லாவிட்டால் எங்கள் பள்ளி ஒரு வீட்டு வகுப்பாகவே நின்றிருக்கும். தரம் தரமாக ஏறி ஆசிரியர் தரம் வரை போகலாம் என்றதும் பெற்றோர் பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்பினார்கள். விறாந்தை போதாமல் கோயில் மண்டபம், அதுவும் போதாமல் வாடகைக்கு ஒரு மண்டபம். அதற்கு மேலே படிக்க ஊரை விட்டுத்தான் போகவேண்டும். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரிக்கு மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்தார் என்பதை ரீச்சர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அது 1975இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. கிழக்கில் 1982இல்தான் மட்டக்களப்பில் விபுலானந்த இசை நடனக் கல்லூரி வந்தது. யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகளார் எங்கள் ஊர் இந்துக் கல்லூரியையும் நடத்தியவர் என்பதால் அந்தப் பெயரில் எங்களுக்கும் உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

போரால் தரைப்பாதை மூடிக் கிடந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் போய்ப் படித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். வீணையைப் பழைய போர்வையால் சுற்றி, தலைப்பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு காங்கேசன்துறை வரை இருந்த அக்காவை எனக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் போர்வையை அவிழ்க்கச் சொன்னார்களாம். அவிழ்த்த பிறகு வாசித்துக் காட்டவும் சொன்னார்களாம். அக்கா, அதை நீங்கள் எழுதித் தரவேண்டும். அரைப் பக்கம் போதும்.

அப்புறம், வாத்தியங்களின் கதை. எங்கள் ஊர் உப்புக்காற்றில் வீணைத் தந்தி எப்படித் துருப்பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் மிருதங்கத்தின் தோல் காய்ந்து இறுகி, சுருதி மேலே போய்விடும். கார்த்திகை மழைக்கு அதே தோல் நமுத்துத் தொய்ந்துவிடும். தம்பலகாமத்திலிருந்து ஒரு தவில்காரர் சைக்கிளில் வருவார். வாரை இழுத்துக் கட்டி, வலந்தலையை, வலப்பக்கத் தோலை, விரலால் சுண்டிச் சுண்டிக் காதைக் கிட்ட வைத்துக் கேட்பார். இடந்தலைக்கு ரவை பிசைந்து ஒட்டும் பக்குவத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். காசு வாங்க மாட்டார், தேத்தண்ணீர் மட்டும் குடிப்பார். முப்பது பக்க மலரில் அவருக்கு ஒரு வரி கிடையாது. எனக்கு மனம் ஆறவில்லை.

கொப்பிகளில் இடைவெளிகளும் இருக்கின்றன. 1990 ஆனியில் சண்டை மூண்ட பிறகு பல பக்கங்கள் வெறுமை. 2004 மார்கழியில் சுனாமிக் கடல் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்தவை ஊறி ஒட்டிப்போயின. 2006 சண்டையில் மூதூர், சம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் பெயர்கள் ஒரே மாதத்தில் நின்றுபோகின்றன. மலர் இந்த ஆண்டுகளைத் தாண்டி 'பள்ளி மேலும் வளர்ச்சி கண்டது' என்கிறது. வகுப்பு நடக்காத மாதங்களில் முகாமில் ஒரு தகர வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டுச் சொல்லிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பள்ளி அப்போதும் நடந்தது. அதை யார் எழுதுவது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்போடு ரியூசனுக்காக நின்றவர்கள், நான்காம் தரத்தோடு நின்றவர்கள், "நாங்கள் என்ன கலைஞரா" என்று ஒதுங்கி நிற்கிறீர்கள். தயவுசெய்து அப்படி நிற்கவேண்டாம். பள்ளியின் வாடகையைக் கட்டியது பெரும்பாலும் உங்கள் வீட்டுக் காசு. அரங்கேற்றம் கண்டவர்களை விட நீங்கள்தான் தொகையில் அதிகம்.

நான் கேட்பது இதைத்தான். பழைய பரீட்சைச் சான்றிதழ், நிகழ்ச்சி நிரல், ரீச்சர் கையால் சொற்கட்டு எழுதித் தந்த கொப்பி, பின்னால் யாரோ தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் மங்கல் படம், எது இருந்தாலும் சரி. ஊரில் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள், படியெடுத்துவிட்டு உங்கள் முன்னாலேயே திருப்பித் தருகிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் படம் பிடித்து அனுப்புங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பெயர்கள் அங்கேதான் இருக்கும். சேர்ந்ததும் ஒரு தொகுதியை இணையத்தில் இருக்கிற 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுப்போம். இனி ஒரு கடல் வந்தாலும் அழியாது. மலர்க் குழுவில் இருப்பவர்களிடமும் கேட்கிறேன்: மலர் வெளியிடும் விழாவை ஓராண்டு தள்ளி வையுங்கள். அவசரமில்லை.

கடைசியாக ஒரு பெயர் தேடுகிறேன். 1990 வைகாசிப் பக்கத்தின் அடியில் 'சலங்கை - அரைவாசிக் காசு தந்தது, மிச்சம் அடுத்த மாதம்' என்று இருக்கிறது. பெயர் இருந்த மூலையைக் கறையான் அரித்துவிட்டது. அந்தச் சலங்கை பிஸ்கற் தகரத்துக்குள் துணியில் சுற்றியபடி அப்படியே இருக்கிறது. சின்னக் காலுக்கான சோடி, ஏழெட்டு வயது இருக்கும். மிச்சக் காசு தரவேண்டாம். நீங்கள் யார் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
மூன்றாவது கொப்பி, பதினோராம் பக்கத்துப் பிள்ளை
திருகோணமலை