எந்த விளையாட்டுக்கு என்று குறிக்க ஒரு கட்டம்: முன்னாள் மாணவர் சங்கத்துக்குத் திறந்த மடல்

நம் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்க நிர்வாகிகளுக்கும் விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டின் நன்கொடைப் படிவம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. தொகையை எழுத ஒரு கட்டமும், அமெரிக்க ஃபுட்பால் அரங்கில் எந்தப் பகுதி இருக்கைக்கு முன்னுரிமை வேண்டும் என்று குறிக்க நான்கு கட்டங்களும் அதில் இருந்தன. பணம் எந்த விளையாட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாகத் தவறாமல் கொடுத்துவரும் நான், இம்முறை படிவத்தை நிரப்பாமல் வைத்துவிட்டு இம்மடலை எழுதுகிறேன்.

நான் உதவித்தொகை பெற்று வந்த வீரன் அல்லன். தேர்வோட்டத்தில் ஓடிக் காட்டி கிராஸ் கன்ட்ரி எனும் திறந்தவெளி நெடுந்தொலைவு ஓட்ட அணிக்குள் கடைசி ஆளாக நுழைந்தவன். மூத்தவர்கள் விட்டுச்சென்ற ஸ்பைக் காலணிகள் அணியின் அறையில் ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கும். எனக்குக் கிடைத்த சோடியின் உட்புறத்தில் யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் மையால் எழுதப்பட்டிருந்தன; அரை அளவு பெரிது என்பதால் முனையில் பஞ்சு அடைத்துக்கொண்டு அந்தப் பருவம் முழுவதும் அதிலேயே ஓடினேன். வெளியூர்ப் போட்டிகளுக்கு நாங்கள் சென்ற வேனின் வாடகையை முன்னாள் ஓட்டக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் கட்டிவந்தார் என்பது, படிப்பு முடியும் தறுவாயில்தான் எனக்குத் தெரிந்தது. நான் கொடுக்கத் தொடங்கியது அவரைப் பார்த்துத்தான்.

இன்று இது அவசரமான பேச்சாகிவிட்டது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு எதிராக வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, அதில் இணையும் பல்கலைக்கழகங்கள் 2025–26 கல்வியாண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். அரங்கை நிரப்பி வருவாய் ஈட்டித் தருபவர்களுக்கு அதில் பங்கு கிடைப்பது நியாயம் என்றே கருதுகிறேன். ஆனால் அந்தத் தொகை எங்கிருந்தோ வந்தாக வேண்டும். நுழைவுச்சீட்டு விற்காத நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ், ஓட்டம் போன்றவற்றின் மீதுதான் முதல் வெட்டு விழும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. அதே உடன்பாடு, உதவித்தொகைகளின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை நீக்கி, அணியில் இருக்கும் ஆள்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்துள்ளது. கிராஸ் கன்ட்ரிக்கு அது 17 பேர். என் காலத்தில் அவ்விதி இருந்திருந்தால் எனக்கு அந்தக் காலணி கிடைத்திருக்காது.

முன்னாள் மாணவர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2010இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் பேஸ்பால் அணியைக் கலைப்பதாக அறிவித்தபோது, பழைய வீரர்களும் ஆதரவாளர்களும் பல மில்லியன் டாலர் திரட்டி 2011 வசந்த காலத்தில் அதை மீட்டார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் அவ்வணி கல்லூரி பேஸ்பாலின் தேசிய இறுதிச் சுற்றான கல்லூரி உலகத் தொடரில் ஆடியது. ஸ்டான்ஃபோர்ட் 2020 ஜூலையில் 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்து, முன்னாள் வீரர்களின் இடையறாத முயற்சிக்குப் பின் 2021 மே மாதம் அம்முடிவைக் கைவிட்டது. இரண்டு இடங்களிலும் அறிவிப்பு வந்த பிறகே மக்கள் திரண்டார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. இடைப்பட்ட மாதங்களில் அந்த மாணவர்கள் வேறு கல்லூரி தேடுவதா, காத்திருப்பதா என்று தவித்திருப்பார்கள்.

ஆகவே, படிவத்தில் ஒவ்வொரு விளையாட்டின் பெயரும் இடம்பெற வேண்டும் என்றும், ஓர் அணிக்கென்று கொடுத்த பணம் அந்த அணிக்கே செலவாகும் என்று எழுத்தில் உறுதியளிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இதனினும் முக்கியமாக நான் கருதுவது, வருவாயற்ற விளையாட்டுகளுக்கு நிரந்தர மூலநிதி. பத்து லட்சம் டாலர் மூலநிதியிலிருந்து ஆண்டுக்கு நான்கு விழுக்காடு எடுத்தால் 40,000 டாலர் கிடைக்கும். எங்களைப் போன்ற ஒரு சிறிய அணியின் பயணச் செலவில் பெரும்பகுதியை அது தாங்கும், முதலும் கரையாது. ஒரே செல்வந்தரை நம்பியிராமல் நூறு பேர் சிறுகச் சிறுகப் பல ஆண்டுகளில் இதைச் சேர்க்க முடியும். தலைப்பயிற்சியாளர் மாறினாலும் இயக்குநர் மாறினாலும் அந்த நிதி நிற்கும்.

இருக்கை முன்னுரிமையைக் காட்டி நன்கொடை கேட்கும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள். நுழைவுச்சீட்டு வாங்கும் உரிமைக்காகத் தரும் தொகையில் 80 விழுக்காட்டுக்கு முன்பு வரிச்சலுகை இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிவிட்டது. இருக்கைக்காகக் கொடுப்பவர் இருக்கை சலித்ததும் நிறுத்திவிடுவார். ஓடியவரும் நீந்தியவரும் அப்படி நிறுத்துவதில்லை. ஆனால் அவர்களிடம் இதுவரை யாரும் தனியே வந்து கேட்கவில்லை.

எங்கள் அணியில் ஓடிய பதினோரு பேரிடம் பேசிவிட்டேன். மூலநிதிக் கணக்கு ஒன்றைத் திறப்பதாக நீங்கள் தெரிவித்தால், முதல் ஐந்தாண்டுகளுக்கான எங்கள் வாக்குறுதியைக் கையெழுத்திட்டு அனுப்ப அனைவரும் அணியமாக இருக்கிறோம். இலையுதிர்காலப் போட்டிகள் தொடங்கும் முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கிராஸ் கன்ட்ரி அணியின் முன்னாள் ஓட்டக்காரன்